ஸ்பிளைஸ் என்ற சொல்லுக்கு நான் சொன்ன பொருள்

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. தஞ்சோங் பகார் கப்பல் துறையில் ஒரு சரக்குக் கிடங்கில் கிராணியாக எழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது சிராங்கூன் ரோட்டில், எருமைத் தொழுவங்களுக்குப் பின்னால் இருந்த வீட்டு வரிசையில் ஒரு வாடகை அறையில். அந்த வரிசையில் ஆங்கிலம் படித்தவன் நான் ஒருவன்தான். மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டு, கோர்ட்டு சம்மன், மாடு அவிழ்த்துவிட்டதற்கு நகரசபை அனுப்பிய நோட்டீசு, எது வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். நான் உடனே படித்துவிட மாட்டேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, காகிதத்தை ஒரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு பிறகுதான் வாயைத் திறப்பேன். அந்தக் கனைப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

தெரியாது என்ற சொல்லை அந்த வரிசையில் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

எதிர்த் தொழுவத்தில் ஒரு பால்காரம்மா இருந்தார். கணவர் இறந்து பல வருடம். நான்கு எருமைகளை வைத்துக்கொண்டு ஒரே மகனை ஆளாக்கினார். மகன் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்து, பிறகு ஒரு சீமைக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போடும் வேலையில் சேர்ந்து போய்விட்டான். போகுமுன்பே அவனுக்குப் பெண் பேசி முடித்திருந்தது. பால்காரம்மாவின் அண்ணன் மகள்தான். அந்த அண்ணன் மாட்டுவண்டி ஓட்டுகிறவர், இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். மகன் ஒரு பயணம் முடித்துத் திரும்பியதும் தை மாதத்தில் கல்யாணம் என்று பேச்சு.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பால்காரம்மா கடிதத்தோடு வந்தார். மகனுக்கு எழுதத் தெரியாது, கப்பலில் தமிழ் எழுதத் தெரிந்தவர்களும் இல்லை. அதனால் கப்பலின் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் சொல்லி எழுத வைத்திருந்தான். சீமையில் கார்டிஃப் என்ற துறைமுகத்திலிருந்து வந்திருந்தது. அம்மாவோடு அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேரும் வந்து நின்றார்கள்.

சின்னக் கடிதம்தான். உங்கள் மகன் இந்தத் துறையில் ஸ்பிளைஸ் ஆகிவிட்டான் என்றது. இனிக் கொஞ்ச காலம் கப்பலுக்கு வரமாட்டான், கரையிலேயே இருப்பான், நல்ல கைகளில்தான் இருக்கிறான், கவலைப்பட வேண்டாம் என்றது. நாங்கள் எல்லோரும் அவன் நலத்துக்காகக் குடித்தோம் என்று முடிந்திருந்தது.

ஸ்பிளைஸ் என்ற சொல்லில் நின்றுவிட்டேன். துறைமுகத்தில் தினமும் கேட்கிற சொல்தான். கப்பல் கயிறு அறுந்துபோனால் இரண்டு நுனிகளையும் புரி புரியாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி முறுக்கி மறுபடி ஒரே கயிறாக்குவார்கள். முடிச்சே தெரியாது. அதற்குத்தான் ஸ்பிளைஸ் என்று பெயர். ஆனால் மனிதன் எப்படி ஸ்பிளைஸ் ஆவான்? அறுந்ததைச் சேர்ப்பது என்றால், முறிந்ததைச் சேர்ப்பதாக இருக்கலாம். கப்பலுக்கு வரமாட்டான், நல்ல கைகளில் இருக்கிறான் என்பதெல்லாம் அதற்குப் பொருந்தியது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கனைத்தேன்.

அவனுக்கு எலும்பு முறிந்துவிட்டது, வைத்துக் கட்டியிருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொன்னேன். குடித்தோம் என்பதை வேண்டிக்கொண்டோம் என்று மாற்றினேன்.

பால்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். "கையா தம்பி, காலா?"

கடிதத்தில் கையும் இல்லை, காலும் இல்லை. ஆனால் கேள்வி வந்துவிட்டது. நான் மறுபடி காகிதத்தைப் பார்ப்பதுபோல் பார்த்து, "கால்" என்றேன்.

ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொள்வது யாருக்கும் நேரும். ஆனால் அந்த முறிந்த காலை நான் என் வாயாலேயே செய்து வைத்தேன். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

அன்று மாலையே அவர் சொல்லச் சொல்ல ஒரு பதில் எழுதினேன். கால் எப்படி இருக்கிறது, ஊன்ற முடிகிறதா, எப்போது வருவாய் என்று. அந்த வெள்ளைக்காரரின் விலாசத்துக்கே தபாலில் போட்டேன். பால்காரம்மா மகன் காலுக்காகக் காளியம்மனுக்கு நேர்ந்துகொண்டு உப்பை விட்டுவிட்டார். செருப்பில்லாமல் வெறுங்காலோடு பால் ஊற்றப் போனார். தைக் கல்யாணம் தள்ளிப்போயிற்று.

மூன்று வாரம் கழித்து எனக்கு உண்மை தெரிந்தது. எங்கள் கிடங்கில் என்னோடு வேலை பார்த்த யுரேசிய இளைஞனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சரக்கு இறக்க வந்த ஒரு கப்பல் அதிகாரி அவன் தோளில் தட்டி, எப்போது ஸ்பிளைஸ் ஆகப் போகிறாய் என்று கேட்டார். அவன் வெட்கப்பட்டு, அடுத்த மாதம் என்றான். அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

மதியம் துரையின் அறையில் யாரும் இல்லாதபோது அங்கிருந்த பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். முதலில் கயிறு. அடுத்தது மரத்துண்டுகளைப் பொருத்துவது. அதற்கும் கீழே, பேச்சு வழக்கில் மணம் செய்துகொள்வது. அந்தச் சொல் டச்சு மாலுமிகளிடமிருந்து வந்தது என்றும், பிளப்பது என்ற பொருளுடைய சொல்லோடு உறவுடையதாக இருக்கலாம் என்றும் போட்டிருந்தது. புரியைப் பிரித்தால்தானே சேர்க்க முடியும், பெயர் அதிலிருந்து வந்திருக்கிறது. வேறொரு நாளாக இருந்தால் இதைப் படித்துச் சந்தோஷப்பட்டு நாலு பேரிடம் சொல்லியிருப்பேன். அன்று அகராதியை மூடி இருந்த இடத்தில் வைத்துவிட்டு, என் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். எதிரே இருந்த காகிதத்தில் ஒரு எழுத்தும் கண்ணில் ஏறவில்லை.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒருவேளை காலும் முறிந்திருக்கலாமே என்றுகூட என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில் எனக்கு இருந்த பயம் ஒன்றுதான். கிராணிக்கு இங்கிலீஷ் தெரியாது என்று வரிசையில் பேச்சு வந்துவிடும். வேலை முடிந்து வரும்போது தொழுவத்துப் பக்கம் வராமல் பின்சந்தால் சுற்றி வர ஆரம்பித்தேன்.

ஐப்பசிக் கடைசியில் பெண்ணின் தகப்பனார் என் அறைக்கே வந்தார். கூடவே மகளும் வந்து வாசலுக்கு வெளியே நின்றாள். அவளை அன்றுதான் அருகில் பார்த்தேன். பதினெட்டு வயது இருக்கும். சிரம்பானிலிருந்து ரயில்வேக்காரர் ஒருவர் அவளைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறாராம். நல்ல குணம், நிரந்தர வேலை, இருக்க வீடும் உண்டாம். தங்கை மகனுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது, ஆனால் அவனோ காலொடிந்து கிடக்கிறான், என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார்.

"கடுதாசி படிச்சது நீங்கதான். பையன் தேறி வந்துருவானா, இல்ல நொண்டியா வருவானா? உள்ளதைச் சொல்லுங்க. நீங்க சொல்றபடி நான் செய்யறேன்."

வாசலில் நின்றவள் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் தெரியும். அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று தெரியும். ஒரு வாக்கியம் போதும், அந்தப் பெண்ணின் கதி மாறியிருக்கும். நான் சொன்னது இதுதான்: "எலும்பு கூடிரும். அவசரப்படாதீங்க. வாக்குக் கொடுத்தாச்சுல்ல."

அவர் தலையாட்டினார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மகளிடம் சொல்லிக்கொண்டே போனார். சிரம்பான்காரருக்கு மறுத்துச் சொல்லி அனுப்பினார்கள். கார்த்திகையிலேயே அவருக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது.

தை பிறந்து ஒரு வாரம் கழித்து பால்காரம்மா ஓடி வந்தார். அன்றைக்கு விடுமுறை, பின்சந்தால் நழுவ முடியவில்லை. கையில் கடிதம், கூடவே ஒரு புகைப்படம். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கால் ரெண்டும் நல்லாருக்கு தம்பி. பாருங்களேன், கம்புகூட ஊனல."

பார்த்தேன். மகன் கறுப்புக் கோட்டுப் போட்டு நிமிர்ந்து நின்றான். பக்கத்து நாற்காலியில் தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண். அவன் கை அவள் தோளில் இருந்தது.

"இது யாரு, ஆஸ்பத்திரி அம்மாவா?" என்று கேட்டார். "எம் புள்ளையப் பாத்துக்கிட்ட மகராசி. அவ நல்லாருக்கணும்."

ஆமாம் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. அதையும் நான் மறைக்கக் கூடாது. கடிதத்தைப் பிரித்தேன். எந்தக் காலைப் பற்றிக் கேட்கிறீர்கள், அவனுக்குக் கால் முறியவே இல்லையே, அவனும் மனைவியும் சுகமாக இருக்கிறார்கள், ஆவணியில் குழந்தை பிறக்கும் என்று எழுதியிருந்தது. குழந்தை என்று படித்ததும் இனி மூட முடியாது என்று புரிந்தது. யோக்கியனாக மாறிச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். வேறு வழி இல்லாமல்தான் சொன்னேன்.

உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தெரியாத சொல் அது என்பதையும், காலை நானே சேர்த்தேன் என்பதையும், மூன்று மாதத்துக்கு மேலாக எனக்குத் தெரியும் என்பதையும். அவர் புகைப்படத்தைத் திரும்ப வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"நாலு மாசம் உப்பில்லாமத் தின்னேன். அது கெடக்கட்டும்," என்றார். "எங்கண்ணன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

நானே வந்து சொல்கிறேன் என்றேன். அந்த ஒன்றையாவது தள்ளிப்போடவில்லை. அவரோடு கூடவே நடந்தேன். வண்டிக்காரர் மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அவர் கையில் வைக்கோல் பிரியோடு என்னைப் பார்த்தார். பிறகு மாட்டின் பக்கம் திரும்பி மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

மகள்தான் பேசினாள். அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தவள், அத்தையை உள்ளே போய் உட்காரச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தெரியலன்னு சொல்லியிருக்கலாமே. அத்தை வேற யார்கிட்டயாவது கொண்டுபோயிருப்பாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். இவ்வளவு லேசான காரியத்தை ஒரு படித்த மனிதன் ஏன் செய்யவில்லை என்று. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

செய்தி இரண்டே நாளில் ரோடு முழுக்கப் பரவியது. நான் பயந்ததுபோல் யாரும் சிரிக்கவில்லை. மருந்துப் புட்டியும் நோட்டீசும் கொண்டு வருவது மட்டும் நின்றுபோயிற்று. சிலர் பாதிரியார் பள்ளி வாத்தியாரிடம் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறை வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. நான்கு மாதம் வெறுங்காலோடு நடந்தவரின் எதிரில் அதைப் பற்றி வருத்தப்படவும் எனக்கு உரிமை இல்லை.

அடுத்த வருடம் ஆனி மாதத்தில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஜொகூரில் ஒரு தோட்டத்துக் கங்காணி. முதல் தாரம் இறந்து இரண்டு குழந்தைகள், வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. நான் அழைப்பை எதிர்பார்க்கவில்லை. வண்டிக்காரர் தாமே வந்து வெற்றிலை வைத்துக் கூப்பிட்டார்.

போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். பிறகு போனேன். காளி கோயில் மண்டபத்தில் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். தாலி கட்டியானதும் மணமக்கள் ஒவ்வொருவரிடமும் ஆசி வாங்கிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் சின்ன மகள் மணப்பெண்ணின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தாள். பால்காரம்மா பக்கத்தில் நின்று, இவர் இன்னார் என்று மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். என் முன்னால் வந்ததும், "நம்ம கிராணி" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு வேண்டாம் என்று கையை நீட்டிப் பின்வாங்கினேன். அதற்குள் அவள் குனிந்துவிட்டாள். விரல்கள் என் காலில் பட்டன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ சொல்லி வாழ்த்தியிருக்க வேண்டும். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.