வயிற்றுக் கட்டி என்று சொன்னேன்

தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில் பெண்களுக்கான தையல்கடை வைத்திருந்தேன். ஆண்கள் படியேறாத கடை என்பதால், வருகிற பெண்கள் மாமியார் சண்டையிலிருந்து மாதவிலக்கு வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போவார்கள். நானும் ஒருவரையும் விடாமல் கிண்டலடித்துக்கொண்டே மெஷினை மிதிப்பேன். எனக்கு வாய் நீளம். எதையும் பட்டென்று கேட்டுவிடுகிறவள் என்று என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமை.

ஓர் ஐப்பசியில், பத்து வருடமாக என்னிடம் தைக்கும் பள்ளிக்கூட டீச்சர் வந்தார். தை மாதம் மாதா கோயிலில் அவர் மகளுக்குக் கல்யாணம். மகளுக்காக எட்டு ஜாக்கெட் துணிகளைக் கொடுத்துவிட்டு, தன் ஜாக்கெட்டில் இடது பக்கம் மட்டும் தையல் உறுத்துகிறது, பிரித்துவிடுங்கள் என்றார். ஒரு பக்கம் மட்டும் எப்படி உறுத்தும்? திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் டேப்பை வைத்துப் பார்த்தேன். அவர் என் கையைத் தட்டிவிடுவதற்குள் விரலில் பட்டுவிட்டது. மார்பின் ஓரத்தில் கொண்டைக்கடலை அளவில் கெட்டியாக ஒன்று.

"நாலு மாசமா இருக்கு. கல்யாணம் முடியட்டும், பாத்துக்கலாம்," என்றார். "மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா, இது பொண்ணுக்கும் வரும்னு பின்வாங்கிருவாக."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எட்டுத் துணியையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"மதுரைக்குப் போயி டாக்டர்கிட்டக் காட்டிட்டு, அந்தச் சீட்டோட வாங்க. அதுவரைக்கும் ஒரு ஜாக்கெட்டும் கிடையாது."

"இதெல்லாம் சொல்ல நீங்க யாரு?" என்று விருட்டென்று போய்விட்டார்.

அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று பத்து நாள் தூக்கமில்லை. பதினோராம் நாள் சீட்டோடு வந்து நின்றார். புற்றுநோய்தான். ஆனால் சின்னது, வேறெங்கும் பரவவில்லை, உடனே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான்தான் அழுதேன். அவர் என்னைத் தேற்றினார்.

ஆபரேஷனுக்கும், பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவதற்கும் பணம் வேண்டும். கல்யாணத்துக்குச் சேர்த்ததை அவர் தொடக்கூடாது என்று, துணி வெட்டும் மேசையில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்தேன். "டீச்சருக்கு ஆபரேஷன், முடிஞ்சதப் போடுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டேன். என்ன ஆபரேஷன் என்றால், "வயித்துல கட்டி" என்பேன். டீச்சருக்காகத்தானே மறைக்கிறோம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நம் பெண்களுக்கு மனசு பெரிது. டின் இரண்டு முறை நிறைந்தது.

கார்த்திகையில் ஆபரேஷன் நடந்தது. ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். மார்கழியில் மகளின் ஜாக்கெட்டுகளை வாங்க வந்த டீச்சர், களைப்பாக இருக்கிறதென்று திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அப்போது கீழச்சிவல்பட்டி ஆச்சி ஒருவர் டின்னில் பணத்தைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"நல்லவேள, வயித்துக் கட்டி. நான் மாருலயோன்னு பயந்துட்டேன். அது வந்தா டாக்டர்கிட்டப் போயும் பிரயோசனமில்ல. எதுக்குப் போயி வெக்கத்த விட்டுக் காட்டிக்கிட்டு?"

நானும் தலையாட்டி அனுப்பிவைத்தேன்.

டீச்சர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "என்னைய மட்டும் மிரட்டி அனுப்புனீக. சம்பந்தியம்மாகிட்ட நானே போயிச் சொல்லிட்டேன். ரெண்டு நாளு பேசாம இருந்தாக, மூணாவது நாளு ஆப்பிள் வாங்கிட்டு வந்து நின்னாக. இன்னும் யாருக்காக மறைக்கிறீக?"

உண்மையில் 'மார்' என்ற சொல்லைச் சொல்லக் கூச்சப்பட்டவள் நான்தான். என் கூச்சத்தை அவர் பெயரில் போர்த்தி வைத்திருந்தேன். அவமானமாக இருந்தது. அதைவிட, அந்த ஆச்சி என் பொய்யை நம்பி நிம்மதியாகப் போகிறாரே என்று பதறியது. செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

"ஆச்சி, நான் பொய் சொல்லிட்டேன். டீச்சருக்கு வயித்துல இல்ல, மாருலதான் கட்டி. சின்னதா இருக்கயிலயே காட்டிட்டாக. நல்லா இருக்காக, கடையிலதான் இருக்காக."

பக்கத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் வந்தது. ஆச்சி ஏறவில்லை. பஸ் கிளம்பிப் போனதும், என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"எம்புட்டுச் சின்னதா இருந்துச்சு?"