கழன்று கிடந்த வயர்

கீரமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் ஆனந்தராஜுக்குத் தன் கிட்டார் வாசிப்பைப் பற்றி உயர்ந்த எண்ணம் இருந்தது. அவரைத் தவிர வேறு யாருக்கும் அது இல்லை. துபாயில் ஒரு ஹோட்டலில் எலக்ட்ரீஷியனாக இருந்தபோது, அங்கே வாசிக்க வந்தவர்களின் ஃபங்க், ஜாஸ் இசையைக் கேட்டுக் கேட்டுக் கிறுக்குப் பிடித்து, ஊர் திரும்பும்போது மனைவிக்கு ஒரு சேலைகூட வாங்காமல் பாட்டுக்கு அடிநாதம் போடும் பேஸ் கிட்டாரும் கையுமாக வந்து இறங்கிய மனிதர். சொர்ணவல்லி அதை மறக்கவே இல்லை.

"அந்த நாலு கம்பியில என்ன சத்தம் வருதுன்னு எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லங்க" என்பாள், போகிற போக்கில்.

அவள் வாயால் ஒரே ஒரு முறை நன்றாயிருக்கிறது என்று கேட்டுவிட வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். உள்ளூர் இன்னிசைக் குழுவில் இருந்துகொண்டு அது நடக்காது என்று முடிவுகட்டி, ஒரு வேன் வாங்கி, மாவட்டத்தில் இருக்கும் கில்லாடிகளையெல்லாம் ஒரே குழுவில் சேர்த்தார். அரிமளத்திலிருந்து டிரம்ஸ் நாகராசு. புதுக்கோட்டையிலிருந்து கீபோர்டு ரகுநாத். விராலிமலையிலிருந்து சாக்ஸபோன் நல்லதம்பி. திருச்சி ஸ்டுடியோக்களில் யார் கூப்பிட்டாலும் போய் வாசித்துக் கொடுத்துவிட்டு வரும் ஆட்கள். சினிமாப் பாட்டையே அவர்கள் எடுத்தால் அதற்கு வேறு நடை வந்துவிடும்.

பழைய கூட்டாளி ஆண்டிச்சாமி இதில் இல்லை. ஆனந்தராஜைக் கைபிடித்து மேடை ஏற்றியவன் அவன்தான். முதல் ஒத்திகைக்குத் தன்னையும் ஏற்றிக்கொள்வார்கள் என்று தன் தாள வாத்தியமான ரிதம் பேடைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றான். வேன் வேறு தெரு வழியாகப் போனது.

"அவர்ட்ட சொல்லிட்டீங்களாண்ணே?" என்று ரகுநாத் கேட்டான்.

"நேர்ல சொன்னா மனசு கஷ்டப்படும் தம்பி. சொல்லாம விட்டா அவனாப் புரிஞ்சுக்குவான்."

ஏதோ பெரிய தர்மம் செய்தவர் போலச் சொன்னார். தனக்கு அவரைப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான் என்று வேனில் இருந்த எவனும் சொல்லவில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டார்கள்.

ஒத்திகையில் ஆனந்தராஜின் கை ஓடியது. பாட்டு வேகம் எடுக்கும் முன்பே இவர் எடுத்துவிடுவார். அது அவருக்குத் தெரியவில்லை. "ஏன்டா இழுக்குற, பின்னாடியே நிக்கிற" என்று நாகராசுவைத்தான் வைதார். நாகராசு ரகுநாத்தைப் பார்ப்பான். அவன் குனிந்துகொள்வான். சில வாரங்களில் அந்தப் பார்வையும் நின்றுவிட்டது. தன் பயிற்சியில் குழு தேறிவிட்டதென்று ஆனந்தராஜ் பூரித்துப்போனார், பாவம்.

விராலிமலைப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. பெண் சொர்ணவல்லிக்குச் சொந்தம், அதனால் அவளும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அன்று கச்சேரி களைகட்டியது. மாப்பிள்ளையின் நண்பர்கள் எழுந்து ஆடினார்கள். ஆனந்தராஜும் ஆடிக்கொண்டே வாசித்தார். ஆடியதில் வயரை மிதித்துவிட்டார். அது கிட்டாரிலிருந்து கழன்று விழுந்தது.

அவர் காலடியில் இருந்த சின்ன ஸ்பீக்கர் ஊமையானது. பதறிப்போய்க் கையை எடுத்தார். ஆனால் பேஸ் நிற்கவில்லை. மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கர்களில் அது இம்மி பிசகாமல் போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தார். ரகுநாத்தின் இடது கை கீபோர்டில் அதை வாசித்துக்கொண்டிருந்தது. வலது கை பாட்டை வாசித்தது. நிற்காமல் வாசிக்கும்படி நாகராசு பின்னாலிருந்து அவருக்கு ஜாடை காட்டினான். ஆனந்தராஜ் கிட்டாரில் கையை வைத்து, வயர் இல்லாமலே அந்தப் பாட்டை முடித்தார்.

இடைவேளையில் ரகுநாத்தை மேடைக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"எப்பருந்துடா?"

"ரெண்டாவது கச்சேரியிலருந்துண்ணே. ஒங்க கிட்டாரு ஒங்க காலுகிட்ட இருக்க ஸ்பீக்கர்ல மட்டுந்தான் கேக்கும். வெளிய விடுறதில்ல."

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாமுல்ல."

"நேர்ல சொன்னா மனசு கஷ்டப்படும்னு நீங்கதானண்ணே சொன்னீங்க." ரகுநாத் குரலை உயர்த்தவே இல்லை. "வேனு ஒங்களுது. கச்சேரி புடிக்கிறதும் நீங்க. ஒங்கள எப்புடி வேணாங்கிறது?"

சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் வழியில் சொர்ணவல்லி அவர்களைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னிக்குத்தாங்க எனக்குக் கேட்டுச்சு. நெஞ்சுக்குள்ள எறங்குது. இத்தன வருசமா நாந்தான் புரியாமப் பேசிட்டேன்." ரகுநாத்தின் பக்கம் திரும்பினாள். "என்ன தம்பி, நல்லா வாசிச்சாருல்ல?"

"அண்ணன் இன்னிக்குப் பிரமாதம்க்கா" என்றான் ரகுநாத்.

ஆனந்தராஜ் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்ல ஒரு வாய்ப்பு அவருக்கு இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

"அடுத்த கச்சேரிக்கும் வாரேன்" என்றாள் அவள்.

அடுத்தது அரிமளத்தில். ஆனந்தராஜ்தான் வேனை ஓட்டிக்கொண்டு போனார். சொர்ணவல்லி புதுச் சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளுக்கு அவரைச் சுட்டிக் காட்டினாள். பாட்டு தொடங்கும் முன் அவர் குனிந்து, வயர் கழன்றுவிடாதபடி, வெளியே கேட்காத தன் கிட்டாரில் இறுக்கிச் சொருகிக்கொண்டார்.