லேபிள் வரைகிறவர் கேட்ட கேள்வி

அவர் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கம்ப்யூட்டரில் லேபிள் வரைகிறவர். என் வயதுதான் இருக்கும். சட்டைப் பை நிறையக் காலித் தீப்பெட்டிகள்; பேசும்போது ஒன்றைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார்.

விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட அங்கே போயிருந்தேன். ‘லேபிள் பழசு’ என்ற போல்டருக்குள் போய் எல்லாவற்றையும் அழிக்கிற ஸ்கிரிப்ட் ஒன்று, சில கட்டளை வரிகள், அதில் இருந்தது. லினக்ஸுக்கு ஏற்ப அழிக்கும் வரியை மட்டும் மாற்றி எழுதி ஓடவிட்டேன். போல்டருக்குள் போகும் வரியை அப்படியே விட்டுவிட்டேன். அந்த வரியில் போல்டர் பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தால் விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும். லினக்ஸுக்கு மேற்கோள் குறி வேண்டும். அது முதல் வார்த்தையோடு நின்று, இப்போதைய படங்கள் இருந்த ‘லேபிள்’ போல்டருக்குள் போய் அழித்துவிட்டது. அவர் வரைந்த கிளி, பம்பரம், வண்டிச்சக்கரம் எல்லாம் போயிற்று. வேறு நகல் இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். தீப்பெட்டிச் சத்தம் நின்றது.

“அழிக்கிறதுக்கு முன்னால எங்கன நிக்கோம்னு அது பாக்காதா, அண்ணாச்சி?”

“பாக்கச் சொல்லி நான் எழுதலை.”

பையிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தார். எல்லாவற்றிலும் அவர் வரைந்த லேபிள்கள். கிளிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, அதைப் பார்த்து முதலிலிருந்து வரைய ஆரம்பித்தார்.

என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.