நேர்த்திக்கு வைத்த வண்டில்

தம்பிக்குத் தள்ளுவண்டில் வாங்க நாங்கள் குடும்பமாகத்தான் போனோம். அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான், அம்மாவின் இடுப்பில் தம்பி. பெண் பார்க்கப் போனவர்கள் மாதிரி கடையில் வரிசையாக நின்றோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்கு இரண்டரை. அவன் இன்னும் எழுந்து நிற்கவில்லை. பிடித்து நிறுத்தினால் கால் இரண்டும் மடங்கிப்போகும். ஆண்பிள்ளைகள் சுணங்கித்தான் நடப்பார்கள் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். முதலில் அம்மாவுக்கு அது ஆறுதலாக இருந்தது. அவனுக்கு இரண்டு வயது தாண்டிய பிறகு, யாராவது அந்தக் கதையைத் தொடங்கினால் அம்மா எழுந்து குசினிக்குள் போய்விடுவாள்.

திருகோணமலையில் உள்துறைமுக வீதியை ஒட்டிய ஒரு ஒழுங்கையில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டும் வேலை பார்த்தார். மாதம் ஒருமுறை தம்பியை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும். மழைக்கும் காய்ச்சலுக்கும்தான் ஓட்டோ, மற்றபடி நடைதான். அவனைச் சுமந்து சுமந்து அம்மாவின் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அதனால்தான் வண்டில்.

கடையில் இரண்டு வண்டில்கள் இருந்தன. ஒன்று மெலிந்த கம்பியில் செய்தது. குடையைப் போல மடக்கலாம். நீலக் கூரையில் மஞ்சள் தாராக் குஞ்சுகள் நீந்தின. சில்லுகள் உள்ளங்கை அளவு, எல்லாம் பிளாஸ்டிக். மற்றது மூன்று பெரிய சில்லுகளோடு, காற்றடிக்கிற ரயர் போட்டு, மண்ணிறத்தில் ஒரு மூலையில் நின்றது. அதற்குக் கூரையும் இல்லை, தாராவும் இல்லை. சைக்கிள் கடை வைத்திருந்த மாமா நேரே அதனிடம்தான் போனார். தூக்கிப் பார்த்தார். சில்லைச் சுழற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். பிரேக்கை மிதித்தார், வாரை இழுத்தார். பிறகு தாரா வண்டிலின் சில்லைப் பெருவிரலால் அமத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"அக்கா, இது கடைக்குள்ள ஓடத்தான் சரி. சின்னச் சில்லு எங்கட ரோட்டில எந்தப் பள்ளத்தைக் கண்டாலும் விழும். பெரிய சில்லு ஏறி இறங்கிப் போயிடும். இதை எடுங்கோ. அஞ்சு வயசு மட்டுக்கும் தாங்கும்."

அஞ்சு வயது என்று அவர் சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவின் முகம் மாறியதை நான் கண்டேன்.

"ஆறு மாசத்தில நடக்கப்போற பிள்ளைக்கு லொறிச் சில்லு என்னத்துக்கு?" என்றாள்.

அப்பாவிடம் கேட்டார்கள். அவர் கப்பலுக்குக் கயிறு எறிவதில் கெட்டிக்காரர், வீட்டில் எந்தப் பக்கமும் இழுக்க மாட்டார். அம்மாவுக்கு எது விருப்பமோ அதுவே சரி என்றார். தாரா வண்டில் வீட்டுக்கு வந்தது.

வந்த அன்றே அம்மா அதை மாதா கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். எங்கள் கோயிலில் சுகம் கிடைத்தவர்கள் மெழுகுக் கால், மெழுகுக் கை என்று கொண்டுவந்து வைப்பார்கள். யாரோ வைத்த ஊன்றுகோல் ஒன்றும் சுவரில் சாய்ந்திருந்தது. தம்பி நடந்த அன்று இந்த வண்டிலையே மாதாவின் காலடியில் கொண்டுவந்து வைப்பதாக அம்மா நேர்ந்துகொண்டாள். அதோடு நின்றிருக்கலாம். நேர்ந்த சாமானில் வேறு துண்டு பூட்டக் கூடாது, கடையில் வாங்கியபடியே இருக்க வேண்டும் என்று ஒரு சட்டத்தையும் தானாகப் போட்டுக்கொண்டாள். மாதாவுக்கு அப்படியொரு பிடிவாதம் இருப்பதாகச் சுவாமியார் பிரசங்கத்தில் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வருடம் தண்ணீர்க் குழாய் போடுகிறோம் என்று பாதி ஊரைத் தோண்டி வைத்திருந்தார்கள். மூடிய இடங்களிலும் சல்லிக்கல்தான். வாய்க்கால் மூடிகளில் இரண்டுக்கு ஒன்று இல்லை. கச்சான் காற்று வீசினால் புழுதி கண்ணுக்குள்ளும் போகும், சில்லுக்குள்ளும் போகும். பத்தடிக்கு ஒருமுறை முன்சில்லு குறுக்கே திரும்பிக்கொள்ளும். அம்மா பின்பக்கத்தை அமத்தி முன்பக்கத்தைத் தூக்கி வண்டிலைத் தாண்டவைப்பாள், தம்பி அதை விளையாட்டென்று நினைத்துச் சிரிப்பான். கோட்டைப் பக்கமிருந்து ஊருக்குள் வரும் மான்களில் ஒன்று, நாங்கள் ஒருநாள் பராக்காக நின்ற நேரத்தில் கூரையின் ஓரத்தைச் சப்பிவிட்டது. அம்மா அதை மடித்துத் தைத்தாள். தைப்பது சட்டத்துக்கு விரோதமில்லை என்று தீர்மானித்திருப்பாள் போலும்.

வண்டிலைப் பராமரிப்பது என் வேலையாயிற்று. தினமும் பின்னேரம் சில்லுகளை ஈரத்துணியால் துடைத்து, அச்சில் சுற்றிய முடியையும் நூலையும் ஊசியால் எடுத்து, காயவைக்க வேண்டும். மாமாதான் பழக்கினார். "மண்தான் எதிரி. நல்லாத் துடைச்சுப்போட்டு, தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு. ஒண்டுதான், கண்டியோ" என்பார். நான் பாடசாலைக் கொப்பிகளைவிட அந்தச் சில்லுகளைத்தான் கவனமாகப் பார்த்தேன். வண்டில் பழுதாகாமல் இருந்தால் தம்பி நடந்துவிடுவான் என்று என் கணக்கு. யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள்.

ஆறு மாதம் போனது. பிறகு இன்னும் ஆறு மாதம் போனது. முன்சில்லு ஒன்றில் வெடிப்பு விழுந்தது. மாமா ஒரு சின்னச் சைக்கிளின் சில்லுகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வந்தார். "அரை மணித்தியால வேலை அக்கா. பிறகு எந்த ரோட்டிலயும் போகலாம்" என்றார்.

"மாதாவுக்குக் குடுக்கிறதில உன்ர பழஞ்சில்லைப் பூட்டவோ?"

"அக்கா, அவன் நடக்கக் கொஞ்சக் காலம் செல்லும். நடக்காமல் விட்டாலும்…"

மாமா அந்த வசனத்தை முடிக்க முன்னமே அம்மா வாசல் படலையைக் காட்டினாள். அவர் சில்லுகளைத் தூக்கிக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு நெடுநாள் வரவில்லை. வெடித்த சில்லை அம்மா நைலோன் நூலால் இறுக்கிக் கட்டி, நூல் தெரியாமல் நீல ரிபன் ஒன்றைச் சுற்றினாள். தம்பிக்கு மூன்றரை வயதாகியிருந்தது. கால்கள் வண்டிலுக்கு வெளியே தொங்கின.

அப்போதுதான் கிளினிக்கில் சொன்னார்கள், கொழும்பிலிருந்து ஒரு பெரிய டொக்டர் வருகிறார், வருகிற வியாழக்கிழமை காலையில் பிள்ளையைக் கொண்டுவாருங்கள், பிள்ளை நடப்பானா இல்லையா என்று அவர் பார்த்து முடிவாகச் சொல்லுவார் என்று. அந்தக் கிழமை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. தம்பிக்குப் புதுச் சட்டை தைத்தாள், பிறகு அதைப் பிரித்து மறுபடி தைத்தாள்.

வண்டில் அப்போது கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியிருந்தது. பெரிய டொக்டருக்கு முன்னால் இப்படிக் கத்தினால் மரியாதையில்லை என்று எனக்குத் தோன்றியது. மாமா வராததால் மெசின் எண்ணெய் முடிந்திருந்தது. குசினியில் தேங்காய் எண்ணெய் இருந்தது. தலைமுடிக்கு நல்லதென்றால் சில்லுக்கும் நல்லதுதானே என்று நான்கு சில்லுக்கும் தாராளமாக ஊற்றினேன். சத்தம் நின்றுவிட்டது. அந்தப் பெருமையில் புதன்கிழமை பின்னேரம் தம்பியை வைத்துக் கடற்கரைப் பக்கம் ஒரு சுற்றுத் தள்ளிக்கொண்டு போய்வந்தேன். வந்து துடைக்கவும் மறந்துபோனேன்.

வியாழன் காலை பாதி வழியில் முன்சில்லுகள் இறுகின. எண்ணெயும் கடல் மணலும் சேர்ந்து அச்சுக்குள் சாந்தாகப் பிடித்திருந்தன. அம்மா தள்ளினாள். சில்லு உருளாமல் இழுபட்டது. இன்னும் பலமாகத் தள்ளினாள். ரிபன் சுற்றிய சில்லு இரண்டாகப் பிளந்து, பாதி வாய்க்காலுக்குள் போனது. வண்டில் மூக்குக் குத்தி நின்றது. வாரில் கட்டியிருந்ததால் தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, அவன் கைதட்டினான்.

"அம்மா, நான் தேங்காயெண்ணெய் போட்டனான்" என்றேன். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வேப்ப மரத்துக்குக் கீழே ஒரு கல்லில் இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் கால் மணித்தியால நடைதான் இருந்தது.

ஒரு ஓட்டோ தானாகவே வந்து நின்றது. ஓட்டுபவர் எங்கள் ஒழுங்கைக்காரர். "ஏறுங்கோ அக்கா, கொண்டுபோய் விடுறன்" என்றார்.

"வேண்டாம் தம்பி, இவர் வாறனெண்டவர். நீங்க போங்கோ."

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று மெதுவாக வந்தது. அதற்கும் அம்மா கையை ஆட்டி, போகச் சொன்னாள். அப்பா வந்து எப்படியும் கூட்டிக்கொண்டு போவார் என்று நான் துறைமுகப் பக்கம் பார்த்தபடி நின்றேன். வெயில் ஏறியது. பத்து மணியானது, பதினொன்றானது. மத்தியானக் கோயில் மணி கேட்டதும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தாள். அவள் தம்பியைச் சுமந்தாள், நான் வண்டிலை இழுத்தேன். ஆஸ்பத்திரிக்கல்ல, வீட்டுக்கு.

பின்னேரம் அப்பா வேலையால் வந்து, டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். அவருக்கு எதுவுமே தெரியாது. "சில்லு உடைஞ்சு போச்சு. பிள்ளை தேங்காயெண்ணெயைப் போட்டு மண் பிடிச்சிட்டுது. இனி அடுத்த முறை அவர் வரேக்க பாப்பம்" என்றாள் அம்மா. அப்பா என்னைப் பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் தம்பியை முடமாக்கியது நான்தான் என்று பல வருடங்கள் நம்பினேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார் சுவாமியார். இவ்வளவு பெரிய பாவத்துக்கு மூன்று போதாதென்று நானாக முப்பது சொன்னேன். அம்மாவுக்கு இது தெரியும். உன் எண்ணெயில் எதுவும் இல்லையடி என்று ஒரு சொல் அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

அந்த டொக்டர் இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். அப்பா யாரையும் கேட்காமலே ஓட்டோ பிடித்து வந்து வாசலில் நிறுத்தினார். தம்பியைப் பார்த்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறவியிலேயே உள்ள குறை, நடக்க மாட்டான், முந்தி வந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன் என்றார். தம்பிக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. அம்மாதான் இன்னும் தூக்கிக் குளிக்கவார்க்கிறாள். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு அம்மா மாதாவிடம் எதையும் கேட்டு நான் காணவில்லை. கோயிலுக்குப் போவாள், கடைசி வரிசை வாங்கில் இருப்பாள், எழும்பி வருவாள்.

ஆனால் அந்த வியாழக்கிழமை பின்னேரம் அம்மா அப்படி இருக்கவில்லை. ஒரு கிழமையாகப் பட்டினி கிடந்தவள் புட்டு அவித்து இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். தம்பியை மடியில் வைத்து, அவனுடைய இரண்டு கால்களையும் பிடித்து, நட நட என்று தரையில் எடுத்து எடுத்து வைத்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான். வண்டில் உடைந்து, டொக்டரையும் தவறவிட்ட நாளில் அம்மா எப்படி இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்று விளங்காமல் நான் குசினி வாசலில் அழுதுகொண்டு நின்றேன்.