வியாழக்கிழமைக்கு மேல பேசுங்க

எங்கள் வீட்டில் என் போன் அடித்தால் மிக்சி நின்றுவிடும். சட்னி அரைபட்டதோ இல்லையோ, அம்மா முதலில் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அடுத்த காரியம் பார்ப்பாள். "சென்னையாடா?" என்று கேட்பாள். பெரும்பாலும் காலர் டியூன் வைக்கச் சொல்லும் பதிவு செய்த குரலாக இருக்கும். இல்லை என்று தலையாட்டினால் மிக்சி மறுபடி ஓடும். இந்த முறை கொஞ்சம் கோபமாக ஓடுவதாக எனக்குத் தோன்றும்.

நான் சினிமாவில் உதவி இயக்குநராகச் சேரக் காத்திருந்த காலம் அது. திருச்சியில் ஒரு கல்லூரியில் அதற்கான படிப்பை முடித்துவிட்டு, சென்னையில் என்னைப் போலவே வாய்ப்புத் தேடிய ஒரு நண்பனோடு அறை எடுத்துத் தங்கி, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். ஒரே ஒரு இடத்தில்தான் என் குறும்படத்தைக் கடைசிவரை பார்த்தார்கள். பார்த்தவர் அங்கிருந்த இயக்குநரின் இணை இயக்குநர். படம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அடுத்த படம் ஆரம்பிக்கும்போது கூப்பிடறேன் தம்பி. அது வரைக்கும் இங்க ஏன் கெடந்து கஷ்டப்படறீங்க? ஊருக்குப் போங்க. போன் வந்தா மறுநாள் காலைல இங்க நிக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

நிற்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்தேன். படம் ஆரம்பிக்கிற வழியைக் காணோம். தயாரிப்பாளர் மாறினார், கதாநாயகன் மாறினார், கதையும் மாறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் மட்டும் மாறாமல் எங்கள் வீட்டுச் சன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தேன். வாலிகண்டபுரத்திலிருந்து உள்ளே போகிற எங்கள் ஊரில், எங்கள் வீட்டில் அந்த ஒரு இடத்தில்தான் டவர் கிடைக்கும். அந்த இடத்தை அம்மா என் போனுக்கென்றே ஒதுக்கிவிட்டாள். அங்கே யாரும் தண்ணீர்ச் சொம்புகூட வைக்கக் கூடாது.

முகூர்த்த நாட்களில் பெரம்பலூரில் ஒரு ஸ்டுடியோவுக்காக விசேஷங்களுக்கு வீடியோ எடுக்கப் போவேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எது வந்தாலும். எங்கள் பக்கத்து விசேஷ வீடியோவுக்கு ஒரே இலக்கணம்தான்: எல்லா மூஞ்சியும் விழ வேண்டும். வந்த ஒரு பெரியப்பா விட்டுப்போனால் அடுத்த விசேஷத்துக்குக் கேமரா வேறு கடைக்குப் போய்விடும். அதனால் ஆட்களும் பழகியிருந்தார்கள். கேமரா பக்கம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு, தங்கள் மேல் அது ஊர்ந்து கடக்கும் வரை அசையாமல் நிற்பார்கள். கடந்ததும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வார்கள். எனக்கு அந்தத் தொடர்கிற இடம்தான் பிடிக்கும். கேமராவைத் திருப்பிவிட்டதுபோல் போக்குக் காட்டி அதை எடுத்துவிடுவேன்.

வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு காதுகுத்தில் எல்லாரும் குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மடியில் வைத்திருந்த தாய்மாமனின் முகத்தை எடுத்தேன். பெரிய மீசைக்காரர். ஊசி இறங்கும்போது அவர்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு உதட்டைக் கடித்தார். குழந்தை பேசாமல் பஞ்சுமிட்டாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டுடியோ முதலாளி கம்ப்யூட்டரில் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"குத்துன காதக் காணோம், மாமன் மீசை எதுக்குய்யா?" என்றார்.

விசேஷம் இல்லாத நாட்களில் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் போய் உட்காருவேன். யார் யாரை எப்படி வழியனுப்புகிறார்கள், பஸ்ஸை விட்டவர்கள் முதலில் யாரைத் திட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்பாள், "இன்னிக்கு என்ன பாத்த?" அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். நான் பார்த்ததைக் கொஞ்சம் சேர்த்தும் கொஞ்சம் குறைத்தும் சொல்வேன். சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற அப்பா அரியலூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். மற்ற நாட்களில் அம்மா ஒருத்திதான் எனக்கு ரசிகை. "அப்பறம்?" என்பாள். நான் முடித்துவிட்டாலும், "அப்பறம்?" என்பாள்.

தெருவில் அவள் சொல்லிவந்தது வேறு. "எம் பையன் ஷூட்டிங்ல இருக்கான்." நான் உள்ளே பாயில் குப்புறப் படுத்திருக்கும்போதும் வாசலில் நின்று இதைத்தான் சொல்வாள். ஒரு தடவை பக்கத்து வீட்டு அக்கா, "செருப்பு கெடக்கே?" என்று கேட்டுவிட்டாள். "அவங்களே கம்பெனில வேற செருப்பு குடுத்துடுவாங்க" என்று அம்மா கண்ணை இமைக்காமல் சொன்னாள். நான் தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தேன். பையன் சும்மா இருக்கிறானா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர்கள் வீட்டு விசேஷத்துக்குக்கூட அவள் போக மாட்டாள்.

எங்கள் சொந்தத்தில் சம்பந்தம் பேசுவதற்கு அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. யார் வீட்டில் பெண்ணோ பையனோ கல்யாணத்துக்கு நின்றாலும் அம்மாவைக் கலந்துகொள்வார்கள். அவள் முறை இதுதான்: மாப்பிள்ளை வீட்டுப் போனை முதல் மணியில் எடுக்கக் கூடாது. எடுத்தாலும் உடனே சரி என்று சொல்லக் கூடாது. வேறு இடத்திலும் கேட்கிறார்கள், கலந்து பேசிவிட்டு ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்கிறோம் என்று தள்ள வேண்டும். நாமாகத் திரும்பக் கூப்பிடவே கூடாது. கூப்பிட்டால் மதிப்புப் போய்விடும். என் அக்காவை அப்படித்தான் கட்டிக்கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டார் நான்கு தடவை போன் செய்து, ஐந்தாவது தடவை நேரிலேயே பூவோடு வந்துவிட்டார்கள். அந்தப் பெருமை இன்னும் அவளுக்குத் தீரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் நான் மாட்டுத் தீவனம் வாங்க வண்டியில் வேப்பந்தட்டை வரைக்கும் போயிருந்தேன். பள்ளிக்கு விடுமுறை, அம்மா வீட்டில் இருந்தாள். போன் சன்னலோரத்தில் இருந்தது. திரும்பி வந்தபோது வீட்டில் கறிக்குழம்பு வாசனை. திங்கட்கிழமை எங்கள் வீட்டில் கறி எடுத்ததாகச் சரித்திரமே இல்லை. என்ன விசேஷம் என்றேன். "சாப்புடுறதுக்கு விசேஷம் எதுக்குடா?" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள். அந்த வாரம் முழுக்க அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

வியாழக்கிழமை அரியலூரில் ஒரு மண்டபத்தில் அத்தை பேத்திக்கு மஞ்சள் நீராட்டு. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், எங்கள் தெரு ஆட்களும் வந்திருந்தார்கள். வீடியோ நான்தான். மேடையில் சீர்வரிசைத் தட்டுகளைக் கடந்து கேமரா ஊர்ந்துகொண்டிருந்தபோது பையில் போன் அதிர்ந்தது. சென்னை நண்பன். கேமராவைக் கையில் பிடித்தபடியே மண்டபத்துப் படிக்கு வந்து பேசினேன்.

"டேய், எந்தக் கம்பெனிப் படம்டா பண்ற? எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"என்ன படம்? நான் மஞ்சத்தண்ணி எடுத்துக்கிட்டு இருக்கேன்."

"அப்பறம் ஏன்டா அப்படிச் சொல்ல வெச்ச? உன் குறும்படத்தப் பாத்தாங்களே, அந்த ஆபீஸ்லேர்ந்து திங்கக்கிழமையே உனக்குப் பேசுனாங்களாம். புது நம்பர்லேர்ந்து. மேனேஜர் மாதிரி ஒரு அம்மா எடுத்து, அவரு வேற படத்துல இருக்காரு, வியாழக்கிழமைக்கு மேல பேசுங்கன்னாங்களாம். ஞாயித்துக்கிழமை காரைக்குடில ஷூட்டிங் ஆரம்பம்டா. அவங்க வேற ஆளப் பாத்துட்டாங்க."

வருஷக் கணக்காகக் காத்திருந்த போன் வந்து, போயும் விட்டது. நேராக உள்ளே போனேன். அம்மா நாற்காலி வரிசையில் அத்தைகள், சின்னம்மாக்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். "திங்கக்கிழமை யாராச்சும் எனக்குப் போன் பண்ணாங்களாம்மா?" என்றேன்.

அவள் முகம் அப்படி மலர்ந்தது. "இன்னிக்குக் கூப்புட்டுட்டாங்களா? கூப்புடுவாங்கன்னு எனக்குத் தெரியும்டா. வளர்பிறை வியாழன், பாத்துத்தான் சொன்னேன்" என்றாள்.

நான் அவளிடம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை பிறந்ததிலிருந்தே கிடையாது. "இது என்ன சம்பந்தமாம்மா, ரெண்டு தடவ கேப்பாங்கன்னு இருக்க? அந்த ஒரு எடத்துக்கு ஆயிரம் பேரு நிக்கறான். நான் இல்லன்னா அடுத்தவன். எடுத்துட்டாங்க, முடிஞ்சுபோச்சு" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். மைக் செட் பாட்டு அலறிக்கொண்டிருந்ததால் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

அம்மா மடியில் இருந்த தாம்பூலப் பையை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். எழுந்து நின்றாள்.

"அந்த சாரோட நம்பரப் போடு" என்றாள்.

"வேணாம்மா, விடு."

"போடுன்னா போடு."

இணை இயக்குநரின் எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். எனக்கே அவரைக் கூப்பிடத் தைரியம் வந்திருக்காது. மணி போய்க்கொண்டே இருந்தது. அம்மா ஒரு காதில் போனை வைத்து, இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொண்டாள். எடுத்தார்.

"சார், வணக்கம் சார். நான் அவன் அம்மா பேசறேங்க. மேனேஜர்லாம் இல்லீங்க, அம்மாதான்."

அந்தப் பக்கம் கேட்கவில்லை போலிருக்கிறது. அம்மா குரலை உயர்த்தினாள். பாட்டும் உயர்ந்தது. அவள் இன்னும் உயர்த்தினாள். யாருக்கோ அவசரம் என்று நினைத்து மைக் செட்காரர் பாட்டைச் சட்டென்று நிறுத்திவிட்டார். அதை அம்மா கவனிக்கவில்லை. அவள் கத்தியது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"எம் புள்ள சும்மாத்தான் இருக்கான் சார்! ஒரு படத்துலயும் இல்ல! வூட்டுல சும்மாத்தான் உக்காந்துருக்கான்! நாந்தான் கெத்துக்குப் பொய் சொன்னேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எங்க வேணாலும் வருவான், என்ன வேல குடுத்தாலும் செய்வான். எந் தப்புக்கு அவன விட்டுடாதீங்க சார்!"

அத்தைகள், சின்னம்மாக்கள், பெரியப்பாக்கள், பக்கத்து வீட்டு அக்கா, மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த பெண், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக இவர்களிடமிருந்து எதை மறைக்க அவள் வாசலில் நின்று காவல் காத்தாளோ, அதைத்தான் நடு மண்டபத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். கேமரா என் கையில்தான் இருந்தது. தூக்க மனம் வரவில்லை.

கொஞ்ச நேரம் "ம்... ம்... சரிங்க" என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

"தம்பி, எடம் நெறஞ்சாச்சு" என்றார் அவர். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "ஆனா ஒரு ஆள் கூட நிக்கறதால யூனிட்டுக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது. ஞாயித்துக்கிழமை காலைல காரைக்குடி வந்துருங்க. டைரக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன். அப்பறம், அந்தம்மாவ இனிமே நம்ம கம்பெனிக்குக் கால்ஷீட் பேச விடாதீங்க."

பாட்டு மறுபடி ஆரம்பித்தது. அம்மா உட்கார்ந்தாள். அத்தைகள் என்ன ஆயிற்று என்று மொய்த்துக்கொண்டார்கள். "காரைக்குடில ஷூட்டிங், போறான்" என்று மட்டும் சொன்னாள். எப்போதும் சொல்கிற அதே வார்த்தைதான், ஆனால் அவளுக்குக் குரல் எழும்பவில்லை. நான் மிச்ச மூஞ்சிகளையும் எடுத்து முடித்தேன்.

சாயங்காலம் பெரம்பலூர் பஸ்ஸில் அவளுக்குச் சன்னலோரம் கிடைத்தது. லாரிகள் கிளப்பிய வெள்ளைத் தூசியில் வேலிகள்கூட வெளுத்துக் கிடந்தன. அவள் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். சொந்தக்காரர்கள் முன்னால் தலை குனிந்ததை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. மனசு கேட்கவில்லை.

"அத்தன பேரு முன்னாடி உண்மையச் சொல்ற மாதிரி ஆயிடுச்சேம்மா" என்றேன்.

"எது உண்மை?"

"நான் சும்மாத்தான் இருக்கேன்னு சொன்னியே."

அம்மா திரும்பி, எனக்கு ஏதோ புத்தி கெட்டுவிட்டதுபோல் பார்த்தாள்.

"அதுவும் பொய்தான்டா. காரியம் ஆவணுமேன்னு சொன்னேன். நீ என்னிக்குடா சும்மா இருந்த?" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "வெளியூர் போறான், அதான்" என்று அம்மா அவரிடம் சொன்னாள்.