தசமபாகத்தைப் பத்தால் பெருக்கியவள்

1998 மார்ச், முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒதிலியா மட்டும் அறிவிப்புப் பலகை முன்னால் நின்றாள். சபையின் புதுப் பொருளாளர் முதல் தடவையாகத் தசமபாகப் பட்டியலை ஒட்டியிருந்தார். அதில் அவள் கணவர் பெயரும் இருந்தது. எலிசேயோ, பிப்ரவரி, 260 கெட்சால். காணிக்கை தனி வரிசையில், 5.

ஒதிலியா படித்தது இரண்டாம் வகுப்பு வரை. கெட்சால்தெனாங்கோ நகரத்துப் பஸ் நிறுத்தத்தில் பதினான்கு வருடமாகச் சோளக் கஞ்சி விற்றதில் கணக்கு வந்துவிட்டது. பத்தில் ஒன்று 260 என்றால் சம்பளம் 2600. கொத்தனார் எலிசேயோ வீட்டில் சொன்ன கூலி வாரம் ஐந்நூறு. பிப்ரவரியில் நான்கே சனிக்கிழமை. அறுநூறு உதைத்தது.

அறுநூறு கெட்சாலுக்கு ஊரின் மறுகோடியில் ஓர் அறை வாடகைக்குக் கிடைக்கும். அதில் ஒருத்தியை வைக்கவும் முடியும். சனிக்கிழமைகளில் அவர் ஒரு மணி நேரம் பிந்தி வருவது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் சட்டையை முகர்ந்தாள். சிமென்ட் வாடைதான். அதையும் நம்பவில்லை. அறை இருப்பது உறுதியானால் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலைக்குத் தாய்வீடு போய்விடுவது என்று முடிவு செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மாதம் போதகரின் மனைவி நொயெமி, தம்பதிகளுக்கு வீட்டுச் செலவு வகுப்பு தொடங்கினார். ஒதிலியா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். வரவைக் கணவர் எழுதவேண்டும், செலவை மனைவி எழுதவேண்டும். பிறகு தாளை மாற்றிக்கொள்ளவேண்டும்.

எலிசேயோ எழுதினார்: வாரம் 500.

அவர் அவள் தாளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"விறகு மாசம் நூத்தம்பதா? ஏ கெழவி, வீட்ல அடுப்பு எரியுதா, செங்கல் சூளை எரியுதா?"

மற்ற ஐந்து தம்பதிகளும் சிரித்தார்கள். விறகுக்கு எழுபதுதான் ஆகும். மீதி எண்பது அவள் தம்பி ரூபேனுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒதிலியாவின் காது சிவந்தது.

"அது கிடக்கட்டும். தசமபாகம் எவ்வளவு குடுக்குறீங்க?"

"பத்துல ஒண்ணு. வேதத்துல உள்ளபடி."

"அப்ப இருநூத்தி அறுபதப் பத்தால பெருக்குங்க."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"கர்த்தருக்கு ஒரு சம்பளம், கட்டினவளுக்கு ஒரு சம்பளமா?"

"கர்த்தருக்கு ரூபேன்னு ஒரு தம்பி இல்லையே," என்றார் எலிசேயோ.

யாரும் சிரிக்கவில்லை. நொயெமி தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனார்.

சனிக்கிழமைதோறும் நூற்றைம்பதைக் கட்டடக் கல் விற்கும் கடையில் கட்டி வந்ததாக அவர் சொன்னார். வீட்டுக்கு மாடி எடுக்க. "கையில காசா இருந்தா ரூபேன் முகர்ந்துட்டு வந்துருவான். கல்லா இருந்தா வரமாட்டான்."

"எந்தக் கடை?"

திங்கட்கிழமை கஞ்சிப் பானையைக்கூட இறக்காமல் அவரோடு போனாள். கடைக்காரர் நோட்டை விரித்தார். நாற்பத்து நான்கு வாரம், 3300 கல். ஒதிலியா நோட்டை நம்பவில்லை; அதிலிருந்த கடை முத்திரையையும் நம்பவில்லை. "கல்ல வீட்டுக்கு அனுப்புங்க," என்றாள்.

லாரி மூன்று நடை வந்தது. முற்றம் நிறைந்தது, கோழிகளுக்குக்கூட இடமில்லை. அறை எதுவும் இல்லை. ஒருத்தியும் இல்லை. மலைக்குப் போகும் பேச்சை அவள் மனசுக்குள்ளேயே முடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ரூபேன் வந்தான். கல் அடுக்கைத் தட்டிப் பார்த்தான்.

"அக்கா, பன்னிக் கொட்டிலுக்கு ஒரு ஐம்பது கல்லு குடேன். அடுத்த மாசம் திருப்பித் தந்துருவேன்."

எலிசேயோ சுவருக்கு அந்தப் பக்கம் பூச்சுக் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"ஒரு கல்லும் கிடையாதுடா. கஞ்சி இருக்கு, குடிச்சிட்டுப் போ."

அவன் குடித்துவிட்டுத்தான் போனான். அடுத்த வாரம் வகுப்பில், செலவுத் தாளில் ரூபேன் பெயரிலேயே ஒரு வரி எழுதினாள்: 30. எலிசேயோ அதை வாசித்தார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

மாடி எழுந்தது. பிள்ளைகள் அதில் படித்தார்கள். பல வருடம் கழித்து, போன அக்டோபரில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு, அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அன்னைக்குக் கல்லு கேக்க ரூபேன நீங்கதானே அனுப்பினீங்க? நான் என்ன சொல்றேன்னு பாக்க?"

"சத்தியமா இல்ல, ஒதிலியா."

"சரி," என்றாள். நம்பவில்லை. கையை மட்டும் விடவில்லை.