பன்னிரண்டாம் கேள்வி

ஐப்பசி அடைமழை. பொதிகையை முகில் மூடி ஒன்பது நாள். தாமிரபரணி செந்நிறமாய்ப் பெருகி, படித்துறைகளை ஒவ்வொன்றாய் விழுங்கியது. பகலிலும் ஒளி இல்லை. வையமே துயர் காத்து அமர்ந்திருந்த பருவம். அப்போது நான் கண்டதை எழுதுகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

எங்கள் பள்ளிக்கு, ஊரார் 'டேப்பு' என்னும் கைக்கணினிகள் நாற்பது வந்து எட்டு மாதம். அதிகாரி வரும் நாளில் பிள்ளைகள் கையில் கொடுப்போம். படம் எடுத்ததும் பிடுங்கி இரும்பு அலமாரியில் பூட்டுவோம். ஒருமுறையும் மின்னேற்றியதில்லை. திரைமேல் ஒட்டிய தாளை உரித்ததும் இல்லை. சாவி தமிழாசிரியனான என்னிடம்.

ஆறாம் வகுப்புக் கோமு இதய நோயில் படுத்த படுக்கையானாள். அவள் தாய் இசக்கியம்மா வந்து நின்றாள்.

"ஒரு டேப்பு குடுங்க ஐயா. பிள்ள படுத்துக்கிட்டே படிக்கும்."

தலைமையாசிரியர் சிவசைலம் சிரித்தார். "ஒடஞ்சா யாரு பதில் சொல்லுவா? அது வந்த அட்டப்பெட்டி கெடக்கு, கொண்டு போ. அது ஒடையாது."

அவள் அதையும் வாங்கிப் போனாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் குருதி கொதிக்கிறது. சாவியை வைத்துக்கொண்டு வாய்மூடி நின்ற என்னை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது.

மூன்று வாரம் கழிந்தது. வியாழன் மாலை 5.20. பள்ளியில் நான் மட்டும். மின்சாரம் இல்லை.

டக்... டக்...

அலமாரிக்குள்.

எலி என்றெண்ணித் திறந்தேன். அடித்தட்டில் ஒரு கைக்கணினி ஒளிர்ந்தது. திரையில் ஆறாம் வகுப்பின் ஆற்றுப் பாடம். மேலே கோமுவின் பெயர். பன்னிரண்டு கேள்விகளில் பதினொன்றுக்கு விடை இருந்தது.

ஒட்டுத்தாள் உரிபடவில்லை. அதன் அடியில்... சிறு விரல் ரேகைகள்.

கடைசிக் கேள்வி: ஆறு எங்கே சென்று சேரும்?

டக். 'க'.

டக். 'ட'.

டக்... 'ல்'.

அணைந்தது.

அதை நெஞ்சோடு அணைத்து மழையில் ஓடினேன். இன்றாவது கொடுத்துவிட வேண்டும்...

கோமு வீட்டு வாசலில் கூட்டம்.

"நாலு மணிக்கே போயிட்டா ஐயா," என்றாள் இசக்கியம்மா. அட்டைப்பெட்டியின் மூடியை நீட்டினாள். "இதுல திரை வரஞ்சு, தொட்டுத் தொட்டுப் படிச்சா."

பென்சில் கட்டங்கள் பன்னிரண்டு. பாடநூலின் அதே கேள்விகள். பதினொன்றுக்கு விடை.

பன்னிரண்டாவது வெறுமை.

மறுநாள் காலை அலமாரியைத் திறந்து முப்பத்தொன்பதையும் பிள்ளைகளிடம் கொடுத்தேன்.

"ஒடஞ்சா என்னவே செய்ய?" என்றார் சிவசைலம்.

"ஒடையட்டும்."

நாற்பதாவதைக் கோமுவின் இடத்தில் வைத்து, அகல் ஏற்றித் தொழுதேன்.

கற்க நீளும் கை எதுவும் வெறுங்கையாய்த் திரும்பாதிருக்க, இறைவன் அருள்க.